ஒளியே தூது! ஒளியே உணவு!



தபால்காரர் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஒரு கடிதம். இருட்டி விட்டது, வீட்டில் விளக்கில்லை. அந்தத் தபால்காரரே கடிதத்தோடு, அதைப் படிப்பதற்கு வேண்டிய விளக்கையும் எண்ணெயையும் சேர்த்துக் கொண்டு வந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? "நல்ல கதை!" என்று சிரிப்பீர்கள். ஆனால் ஒளி என்னும் தபால்காரர் இன்று ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்து வருகிறார். செய்தியையும் அவரே கொண்டு வருகிறார். அச்செய்தியைப் பெறும் கருவி இயங்குவதற்கான மின்சாரத்தையும் அவரே கொண்டு வருகிறார்.

இந்த இரட்டை வேலையை வாங்கிக் கொள்ளும் கருவி ஒன்றும் விலையுயர்ந்த அதிசயப் பொருளன்று. வீட்டுக் கூரைமேல் பரப்பியிருக்கிறார்களே, கால்குலேட்டரின் நெற்றியில் ஒட்டியிருக்கிறதே, அந்தக் கருநீலச் சூரிய மின்கலம்தான். அதை நாம் இதுவரை வயிறாக மட்டுமே எண்ணியிருந்தோம். அது காதாகவும் இருக்க வல்லது என்பதை, இவ்வாண்டு பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து செய்த ஒரு சிறு கருவியின் வாயிலாக நேரில் கண்டோம். கண்டது மட்டுமல்ல, படாத பாடும் பட்டோம். பட்ட பாட்டையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டர் சொல்லி விட்டார்கள். ஆகவே இக்கட்டுரை.

ஒளியைக் கொண்டு செய்தி அனுப்புவது புதிதல்ல. மலை உச்சியில் தீ மூட்டிப் பகைவர் வருகையை அறிவித்த காலம் முதல் மனிதன் இதைச் செய்து வந்திருக்கிறான். 1869-ம் ஆண்டு வாக்கில் கராச்சியில் தந்தித் துறையில் பணியாற்றிய ஹென்றி மேன்ஸ் என்பவர், கண்ணாடியில் சூரிய ஒளியைப் பிடித்து, அதை அசைத்து அசைத்துத் தந்திக் குறிகளாக்கி அனுப்பும் 'ஹீலியோகிராஃப்' என்ற கருவியைச் செய்தார். படைகள் அதை நெடுங்காலம் பயன்படுத்தின. ஆனால் இவற்றிலெல்லாம் செய்தியைப் பெறும் கருவி மனிதனுடைய கண்தான். கண் ஒரு விநாடிக்குச் சில மினுக்கல்களைத்தான் பிரித்தறியும். பேச்சையோ பாட்டையோ அதனால் ஒளியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதற்குச் செயற்கைக் கண் ஒன்று வேண்டியிருந்தது.

அந்தக் கண் தற்செயலாகக் கிடைத்தது. 1873-ம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காகச் செலினியம் என்ற தனிமத்தால் ஆன கோல்களைப் பயன்படுத்தி வந்தார். அவற்றின் மின்தடை ஒரு நேரம் ஒரு மாதிரியாகவும் மறுநேரம் வேறு மாதிரியாகவும் இருந்தது. காரணத்தைத் தேடியபோது, ஒளி பட்டால் செலினியத்தின் தடை குறைகிறது, இருளில் கூடுகிறது என்று தெரிய வந்தது. சோதனைக்கு இடையூறாக இருந்த ஒரு குறையே பெரிய கண்டுபிடிப்பாயிற்று.

இந்தச் செய்தி அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் காதுக்கு எட்டியது. தொலைபேசியைக் கண்டவர் அவர் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் தம் கண்டுபிடிப்புகளுள் தொலைபேசியை விடப் பெரியதென்று அவர் கருதியது 'ஃபோட்டோஃபோன்' என்னும் ஒளிபேசியைத்தான். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1880-ம் ஆண்டில் வாஷிங்டன் நகரில், பெல்லின் உதவியாளர் சார்லஸ் சம்னர் டெய்ன்டர் என்பவர் ஃபிராங்க்ளின் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் ஏறிக் கொண்டார். (பள்ளிக்கூடம்தான்! நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.) அவர் பேசிய குழாயின் முனையில் மிக மெல்லிய கண்ணாடி ஒன்று இருந்தது. பேச்சின் அதிர்வால் அக்கண்ணாடி நுண்ணளவில் குழிந்தும் குவிந்தும் அசைந்தது. அதன்மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியும் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் 213 மீட்டர் தொலைவிலிருந்த பெல்லின் ஆய்வகச் சாளரத்தை அடைந்தது. அங்கே ஒரு குழியாடி அவ்வொளியைச் செலினியத்தின் மேல் குவித்தது. காதில் வைத்த தொலைபேசியில் டெய்ன்டரின் குரல்! தான் பேசுவது கேட்டால் சாளரத்தருகே வந்து தொப்பியை ஆட்டும்படி அக்குரல் சொன்னது. பெல் அப்படியே செய்தாராம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் பெல்லுக்கு இரண்டாவது மகள் பிறந்திருந்தாள். மகிழ்ச்சி மிகுதியில் குழந்தைக்கு 'ஃபோட்டோஃபோன்' என்றே பெயர் வைக்க அவர் விரும்பினார். நல்லவேளையாக மனைவி மேபல் அம்மையார் இணங்கவில்லை. குழந்தை மேரியன் என்ற பெயரோடு தப்பியது.

ஒளிபேசியில் ஒரு குறை உண்டு. செலினியம் தானாக மின்சாரம் தராது. அது ஒரு வாயிற்காவலன் போலத்தான். பின்னால் பாட்டரி ஒன்று மின்னோட்டத்தைத் தள்ளிக் கொண்டே இருக்க வேண்டும். ஒளியின் அளவுக்கேற்பக் காவலன் வாயிலை அகலத் திறப்பான் அல்லது ஒடுக்குவான். பாட்டரி தீர்ந்தால் குரலும் தீர்ந்தது. இன்று தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்து கொண்டு நம் கையிலுள்ள ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியைப் பெறும் சிறு டையோடும், உடனிருக்கும் மின்சுற்றும் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை எதிர்பார்த்தே இருக்கின்றன.

அப்படியானால் தானே மின்சாரம் தரும் ஒளியுணர்வி இல்லையா? அதுவும் அன்றே இருந்தது! 1839-ல் பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் என்ற 19 வயது இளைஞர், அமிலத்தில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின் மேல் ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதைத் தம் தந்தையின் ஆய்வகத்தில் கண்டார். 1876-ல் இலண்டனில் ஆடம்ஸ் என்ற பேராசிரியரும் டே என்ற அவர் மாணவரும் அதே செலினியத்தின் மேல் மெழுகுவர்த்தி ஒளியைக் காட்டியபோது, பாட்டரி எதுவும் இல்லாமலேயே மின்னோட்டம் உண்டானது. ஆனால் அது மிக மிகச் சிறிய அளவு. 1954 ஏப்ரலில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவரும், மேலே விழும் ஒளியில் ஏறக்குறைய 6 விழுக்காட்டை மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக்கு வைக்கும் உலர் பாட்டரிகள் சீக்கிரம் கெட்டுப் போகின்றனவே என்ற கவலையில்தான் சேப்பின் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். நம் ஊர் ஐப்பசி மழையில் டார்ச்சுக்குள் பச்சை பூத்துப் போன பாட்டரியைப் பார்த்தவர்களுக்கு அவர் கவலை புரியும்.

இனி, அந்தத் தகட்டின் உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். சிலிக்கன் ஒரு குறைகடத்தி. மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் கலந்தால் அதில் எலக்ட்ரான்கள் மிகுதியாகின்றன. போரான் கலந்தால் எலக்ட்ரான்கள் அமர வேண்டிய இடங்கள் காலியாகின்றன. இவ்விரு வகையும் ஒட்டிய இடத்தை 'சந்தி' என்கிறோம். சந்தியில் இயல்பாகவே ஒரு மின்புலம் நிலைத்திருக்கும். அது ஒரு வழிச் சரிவு போல, ஒரு பக்கம் மட்டுமே உருட்டி விடும். வெளியிலிருந்து வரும் ஒளித்துகள் ஒன்று சிலிக்கனில் ஓர் எலக்ட்ரானைத் தட்டி எழுப்பினால், அச்சரிவு அதை ஒரு பக்கமும், அது விட்டு வந்த காலியிடத்தை மறுபக்கமும் தள்ளி விடுகிறது. இரு பக்கத்தையும் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் பாய்கிறது. பாட்டரி எதற்கு? சரிவுதான் உள்ளேயே இருக்கிறதே!

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். ஒளி இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். ஒளி விநாடிக்கு ஆயிரம் முறை கூடிக் குறைந்தால் மின்னோட்டமும் ஆயிரம் முறை கூடிக் குறையும். ஆகவே சூரிய மின்கலம் என்பது மின்சாரம் மட்டும் தருவதல்ல; ஒளியில் உள்ள ஒவ்வொரு நடுக்கத்தையும் அது மின்சாரத்தில் எழுதிக் காட்டுகிறது.

அப்படியானால் அனுப்பும் பக்கத்தில் ஒளியை நடுங்க வைக்க வேண்டும். பழைய இழை விளக்கு இதற்கு அவ்வளவாக உதவாது. அதன் இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுத்துக் கொள்ளும். அடுப்புக் கல்லைப் போல. எல்.இ.டி. விளக்கு அப்படியல்ல. அது மின்சாரத்தை நேரடியாக ஒளியாக்குவதால், கண் இமைக்கும் நேரத்துக்குள் இலட்சக் கணக்கான முறை கூடவும் குறையவும் அதற்கு முடியும். நம் கண்ணுக்கோ அது ஒரே சீராக எரிவது போலத்தான் தோன்றும்.

எங்கள் கருவியைச் சொல்கிறேன். ஒரு வாட் வெள்ளை எல்.இ.டி., நான்கு டார்ச் பாட்டரிகள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிறிய ரேடியோ. ரேடியோவில் இயர்போன் செருகும் துளையிலிருந்து பாட்டை எடுத்து, டிரான்சிஸ்டர் வழியாக எல்.இ.டி.க்குக் கொடுத்தோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டின் மின்னலை மேலும் கீழும் அசைவது. விளக்கோ அணைந்த நிலைக்குக் கீழே போக முடியாது. ஆகவே முதலில் விளக்கைப் பாதி வெளிச்சத்தில் எரிய விட்டு, அதன் மேல் பாட்டை ஏற்ற வேண்டும். முதல் நாள் இதை அறியாமல் நேரே இணைத்து விட்டு, "பாட்டு ஏன் இப்படிக் கத்துகிறது?" என்று ஒருவரையொருவர் திட்டிக் கொண்டோம்.

பெறும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலிக்கன் கலம். நல்ல ஒளியில் அரை வோல்ட் தரும். அதன் இரு கம்பிகளையும் ஒலிபெருக்கியின் மைக் துளையில் செருகினோம். ஆவலோடு காத்திருந்த எங்களுக்குக் கேட்டதோ 'கொய்ங்...' என்ற ஒரே ரீங்காரம்! விளக்கைக் கலத்துக்கு நேரே பிடிக்கக்கூட இல்லை, அப்போதே ரீங்காரம். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ஆய்வகத்தின் குழல்விளக்கை அணைத்தார்கள். ரீங்காரமும் நின்றது. சோக் வைத்த பழைய குழல்விளக்கு அது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இருமுறை பிரகாசித்து மங்குகிறது. அந்த 100 அதிர்வைத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். அத்தனை ஆண்டுகளாக நம் தலைக்கு மேல் ஒரு விளக்கு ஓயாமல் ஒரே சுரத்தில் பாடிக் கொண்டிருந்தது. கேட்பதற்குத்தான் காது இல்லாதிருந்தது.

பிறகு எல்.இ.டி.யை நேரே பிடித்தோம். பாட்டு வந்தது! விளக்குக்கும் கலத்துக்கும் நடுவே கையை நீட்டினால் நின்றது. எடுத்தால் மீண்டும் வந்தது. தலைசீப்பை வேகமாக இழுத்தால் 'டர்ர்ர்' என்றது. ஆனால் பாட்டில் தெளிவில்லை. ஜலதோஷம் பிடித்தவர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல இருந்தது. தாளம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. மறுநாள், கெட்டுப் போன கால்குலேட்டரிலிருந்து பிடுங்கிய விரல் நகமளவு கலத்தைப் போட்டுப் பார்த்தோம். சொல் தெளிவாயிற்று, சத்தம்தான் குறைவு. பெரிய கலம் சிறப்பாகக் கேட்கும் என்றல்லவா நினைத்திருந்தோம்? பெரியது மந்தமாகவும் சிறியது கூர்மையாகவும் இருக்கக் கண்டு, இரண்டு நாள் தலையைச் சொறிந்து கொண்டிருந்தோம்.

விடை இதுதான். சந்தியின் இரு பக்கமும் சேர்ந்து மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் ஒரு பாத்திரமாகவும் இருக்கிறது. கலம் பெரிதானால் பாத்திரமும் பெரிது. ஓர் அண்டாவை எண்ணிக் கொள்ளுங்கள். மேலிருந்து நீர் கூடியும் குறைந்தும் விழுகிறது. அடியில் சிறு குழாய். நீர் விழும் வேகம் சட்சட்டென்று மாறினாலும் அண்டாவின் நீர்மட்டம் சட்டென்று மாறாது. மெதுவான ஏற்ற இறக்கம் மட்டுமே மட்டத்தில் தெரியும். சிறு டம்ளராக இருந்தால் உடனுக்குடன் ஏறி இறங்கும். எங்கள் பெரிய கலத்தின் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு மைக்ரோஃபாரடு என்று வைத்துக் கொள்வோம். ஒலிபெருக்கியின் நுழைவுத் தடை 10,000 ஓம். இரண்டையும் பெருக்கினால் நூறில் ஒரு பங்கு விநாடி. ஆனால் மனிதக் குரலின் மெய்யெழுத்துக்களெல்லாம் விநாடிக்கு ஆயிரக் கணக்கான அதிர்வுகளில் அல்லவா இருக்கின்றன? அவற்றை அண்டா விழுங்கி விட்டது.

அண்டாவை மாற்ற முடியாவிட்டால் குழாயை அகலமாக்கலாமே! சிஸ்டர் சொன்னபடி கலத்தின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே 100 ஓம் தடை ஒன்றை இணைத்தோம். பெருக்குத் தொகை பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடியாகக் குறைந்தது. போர்வை விலகியது போலப் பாட்டு தெளிந்தது. மட்டம் தாழ்ந்து விட்டதால் சத்தம் குறைந்தது உண்மை. அதை ஒலிபெருக்கியில் கூட்டிக் கொண்டோம். ஒரு ரூபாய்கூடப் பெறாத தடை அது!

இந்த அண்டாத் தொல்லை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இத்துறையில் ஆராய்பவர்கள் அனைவரும் இதனோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள். வீட்டு விளக்குகளையே செய்தி அனுப்பும் கருவிகளாக்கலாம் என்று ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000-ம் ஆண்டையொட்டி எடுத்துச் சொன்னார்கள். பின்னர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹரால்டு ஹாஸ் இதற்கு 2011-ல் 'லைஃபை' என்று பெயரிட்டார். அவரே 2015 செப்டம்பரில் இலண்டன் மேடை ஒன்றில், கடையில் வாங்கிய எல்.இ.டி. விளக்கின் ஒளியைச் சாதாரணச் சூரியத் தகட்டின் மேல் விழச் செய்து, அதன் வழியே வந்த அசையும் படத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டினார். கையை நடுவே நீட்டினால் படம் நின்றது. எங்கள் கண்காட்சி மேசையில் நடந்ததும் அதே கைதான், அதே நிறுத்தம்தான் என்று நினைக்கும்போது சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அவருடைய குழுவினர் ஆய்வகத்தில் சிலிக்கன் தகட்டைக் கொண்டு விநாடிக்கு ஏறக்குறைய 12 மெகாபிட் செய்தியைப் பெற்றார்கள். ஒரு முழுப் பாடலை இரண்டு மூன்று விநாடிக்குள் வாங்கி விடும் வேகம் இது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கரிமப் பொருளால் செய்த மின்கலத்தைக் கொண்டு 34 மெகாபிட் வரை எட்டினார்கள். அதே நேரத்தில் அக்கலம் 0.43 மில்லிவாட் மின்திறனையும் தந்தது. 2018-ல் காலியம் ஆர்சனைடு என்ற பொருளால் ஆன மிகச் சிறிய கலத்தின் மேல் லேசர் ஒளியைச் செலுத்தி, 2 மீட்டர் தொலைவில் 500 மெகாபிட்டையும் தாண்டி விட்டார்கள். ஆனால் காலியம் ஆர்சனைடு விலை மிகுந்தது. எளிய மக்களுக்கு எட்ட வேண்டுமானால் சிலிக்கனும், மை போலப் பூசி எடுக்கக்கூடிய கரிமப் பொருள்களும், பெரோவ்ஸ்கைட் என்ற புது வகைப் படிகங்களும்தான் கை கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒளிவழிச் செய்திக்கென உலகப் பொது விதிமுறை ஒன்றும் 2023-ல் வகுக்கப்பட்டு விட்டது.

ஒரே கலத்திலிருந்து உணவையும் செய்தியையும் எப்படிப் பிரிப்பது என்று எங்கள் மேசைக்கு வந்த ஒரு தாயார் கேட்டார்கள். நல்ல கேள்வி. முறத்தில் அரிசியைப் புடைப்பது போலத்தான். கலத்திலிருந்து வரும் மின்னோட்டத்தில் மாறாத பகுதி ஒன்று, நடுங்கும் பகுதி ஒன்று. கம்பிச்சுருள் மாறாததை விட்டு, நடுங்குவதைத் தடுக்கும். மின்தேக்கி நடுங்குவதை விட்டு, மாறாததைத் தடுக்கும். கலத்திலிருந்து இரு வழி பிரித்து, ஒரு வழியில் சுருளையும் மறு வழியில் மின்தேக்கியையும் வைத்தால், சுருளின் வழியே உணவு சென்று சேமிப்பில் சேரும். மின்தேக்கியின் வழியே செய்தி சென்று காதில் சேரும்.

உணவின் அளவு எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் ஒளித்திறன் விழுகிறது. எல்.இ.டி. விளக்கு எரியும் வகுப்பறை மேசையிலோ ஒரு வாட் அளவுதான். பத்துச் சதுர சென்டிமீட்டர் கலத்துக்கு அதில் ஒரு மில்லிவாட் கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு மின்சாரமானால் 0.1 மில்லிவாட். இதைக் கொண்டு மின்விசிறியைச் சுற்ற முடியாது. கைப்பேசியைக்கூட நிரப்ப முடியாது. ஆனால் வெப்பநிலையை அளந்து மணிக்கொரு முறை சொல்லும் சிறு கருவிக்கோ, கடையில் விலையைக் காட்டும் சிறு பலகைக்கோ இது போதும். அத்தகைய கருவிகள்தாம் இனி கோடிக் கணக்கில் வரப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் பாட்டரி வைத்தால், தீர்ந்த பாட்டரிகளை எங்கே கொட்டுவது? பெற்றோருக்கு ஒரு சொல்: அந்தப் பொத்தான் பாட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கி விட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கி விடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பாட்டரியே வேண்டாத கருவி என்பது வெறும் சிக்கனம் மட்டுமல்ல.

ஒளிவழிச் செய்திக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. சுவர் குறுக்கே வந்தால் நின்று விடும். (அடுத்த அறையிலிருப்பவர் ஒட்டுக் கேட்க முடியாது என்பதால் சிலருக்கு அதுவே நிறை!) கொளுத்தும் வெயில் கலத்தின் மேல் நேரே பட்டால், திருவிழாக் கூட்டத்தில் இரகசியம் பேசுவது போலச் செய்தி அமுங்கிப் போகும். கலம் கேட்க மட்டுமே செய்யும். மறுமொழி சொல்லத் தனியே ஒரு விளக்கு வேண்டும். ஆனால் கடலுக்கடியில் வானொலி அலைகளை உப்பு நீர் உறிஞ்சி விடுகிறது. நீலமும் பச்சையுமான ஒளியோ தெளிந்த நீரில் பல பத்து மீட்டர் செல்லும். அங்கே சிறு டையோடைக் குறி பார்த்து ஒளியைப் பாய்ச்சுவதைவிட, அகன்ற சூரியத் தகட்டின் மேல் எங்கேனும் படும்படி வீசுவது எளிது. நமக்குத் தலைவலி தந்த அண்டாவின் அகலம் அங்கே உதவிக்கு வருகிறது.

கண்காட்சி நாளுக்கு வருவோம். காலை பத்தரை மணிக்கு எங்கள் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். பெருக்குக் கண்ணாடியை நடுவில் வைத்து ஒளியைக் குவித்ததால் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாட்டு போய்க் கொண்டிருந்தது. திடீரென்று மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கி ஊமையாயிற்று. அடுத்த மேசையிலிருந்த எரிமலையும் நீர்ச்சுழற்சியும் கவலையின்றி நடந்து கொண்டிருக்க, எங்களுக்கு மட்டும் முகம் தொங்கிப் போயிற்று. எங்களுள் ஒருத்திக்கு அழுகையே வந்து விட்டது.

அப்போது வேறொருத்தி, "எல்.இ.டி. பாட்டரியில்தானே எரிகிறது? அது அணையவில்லையே!" என்றாள். ஆமாம், ரேடியோவும் பாட்டரியில்தான். நின்றது ஒலிபெருக்கி மட்டும். சட்டென்று கலத்தின் கம்பிகளைப் பிடுங்கி, ஒரு சாதாரண இயர்போனின் கம்பிகளோடு முறுக்கினோம். விளக்கை ஒரு முழம் நெருங்கக் கொண்டு வந்து இயர்போனைக் காதில் வைத்தால்... பாட்டு! மெல்லியதுதான், ஆனால் அவ்வளவு தெளிவு! குழல்விளக்குகள் அணைந்து விட்டதால் ரீங்காரமும் இல்லை. இயர்போனின் தடை 32 ஓம்தான் என்பதால் அண்டாவின் குழாய் தானாகவே அகன்று விட்டது. அந்தப் பக்கத்தில் பாட்டரி இல்லை, மின்கம்பி இல்லை, பெருக்கி இல்லை. கலமும் காதும் மட்டுமே. ஒளி கொண்டு வந்த சக்தியே இயர்போனின் தகட்டை அசைத்துப் பாடியது. நாங்கள் சுவரொட்டியில் எழுதி வைத்திருந்த வாசகம் அதற்குத்தான், ஆனால் அதுவரை அதை உண்மையில் செய்து காட்டியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. தலைமையாசிரியை அம்மாவும், மூன்றாம் வகுப்புச் சிறுமிகளும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. ஒலிபெருக்கியை மீண்டும் இணைக்கவே இல்லை.

ஒரு புதிரையும் சொல்லி விடுகிறேன். தொலைக்காட்சி ரிமோட்டைப் பெரிய கலத்தின் முன் அழுத்தினால் ஒலிபெருக்கியில் 'கர்ர் கர்ர்' என்று கேட்கும். கால்குலேட்டர் கலத்தின் முன் எத்தனை அழுத்தினாலும் கேட்காது. கலம் கெட்டு விட்டதோ என்று பார்த்தால், பாட்டு மட்டும் நன்றாக வருகிறது! பெரியது படிகச் சிலிக்கன்; சுமார் 1,100 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியையும் உண்ணும். கால்குலேட்டரில் இருப்பது ஒழுங்கற்ற அமைப்புடைய சிலிக்கன். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அதன் பசி ஏறக்குறைய முடிந்து விடுகிறது. ரிமோட்டின் ஒளியோ 940 நானோமீட்டர் அளவில் இருப்பது. ஒரே பெயருடைய இரண்டு சிலிக்கன்கள், இரண்டு வகை நாக்கு!

இதைவிட மலிவான ஒளியுணர்வியும் உண்டு. அது எல்.இ.டி.யேதான். சிவப்பு எல்.இ.டி. ஒன்றை டிஜிட்டல் மல்டிமீட்டரில் இணைத்து வெயிலில் காட்டினால் ஒன்றரை வோல்ட் அளவில் காட்டும். அமெரிக்காவின் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் இந்தக் குணத்தைக் கொண்டே, வானத்தில் எவ்வளவு தூசும் மூட்டமும் இருக்கின்றன என்று அளக்கும் மலிவான சூரிய ஒளிமானியைச் செய்தார். எல்.இ.டி. மிகச் சிறியது, ஆகவே அண்டாத் தொல்லை இல்லை. ஆனால் அது தரும் மின்னோட்டமும் மிகக் குறைவு. ஒரே சிவப்பு எல்.இ.டி. பேசவும் கேட்கவும் செய்யும்படி, இரண்டை எதிரெதிரே வைத்து நாங்கள் முயன்றதில் ஒரு சாண் தூரத்துக்கு மேல் போக முடியவில்லை.

கருவி இப்போது இயற்பியல் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. அந்த ஒரு சாணை ஒரு முழமாக்க விரும்பும் பத்தாம் வகுப்புத் தங்கையர் சிஸ்டரிடம் கேட்டு எடுத்துக் கொள்ளலாம். கலத்தின் கம்பிகளை மட்டும் இழுத்து விடாதீர்கள். கண்காட்சி அன்று அவசரத்தில் பிடுங்கிய இடத்தில் பற்றவைப்பு சற்றுப் பலவீனமாக இருக்கிறது.